எவரெஸ்ட்டின் பின்னிணைப்பு

மலையேற்ற நூல்களைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பின்னிணைப்புகளைத் தொடுவதில்லை. கதை சிகரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் உணவுப் பட்டியலும் சாமான் பட்டியலும் காகிதத்தை வீணாக்க வந்தவை என்றே தோன்றும். 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜான் ஹண்டின் ‘எவரெஸ்ட் ஏற்றம்’ என்னும் ஆங்கில நூலைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் பெரிய நட்டத்தையே உண்டாக்கிவிட்டது. ஏறியவர்கள் எப்படி உயிரோடும் உடல்நலத்தோடும் திரும்பி வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை அந்நூலின் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஹாரியட் டக்கி என்னும் எழுத்தாளர் அந்தக் கடைசிப் பக்கங்களை முன்னுக்குக் கொண்டுவந்து ‘எவரெஸ்ட்: முதல் ஏற்றம்’ என்றொரு நூல் எழுதினார். மலையேற்ற இலக்கியத்துக்கென வழங்கப்படும் போர்ட்மன் டாஸ்கர் பரிசு அவ்வாண்டு அதற்குக் கிடைத்தது. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால் பல செய்திகள் தெளிவாகின்றன.

ஹண்ட் ஓர் இராணுவ அதிகாரி. 1952-இன் பிற்பகுதியில், எரிக் ஷிப்டனை விலக்கிவிட்டு அவரைக் குழுவின் தலைவராக்கினார்கள். அவருடைய நூலும் ஒரு படையெடுப்பின் வரலாறு போலவே நடக்கிறது. சுமார் 350 சுமைகூலிகள் காத்மண்டிலிருந்து புறப்படுகிறார்கள். பனியாற்றில் வழி வெட்டப்படுகிறது. முகாம் மேல் முகாம் எழுகிறது. மே 26-இல் போர்டில்லனும் எவன்ஸும் தென் கொடுமுடி வரை சென்று திரும்புகிறார்கள். மே 29, முற்பகல் 11.30 மணிக்கு ஹில்லரியும் டென்சிங்கும் உச்சியில் நிற்கிறார்கள். நடை எளியது, மிகையில்லாதது. ஒரு தலைவருக்கு இருக்க வேண்டிய அடக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. இன்றும் படிக்கத் தகுந்த நூல் என்பதில் ஐயமில்லை.

ஹண்ட் நன்றி மறந்தவரும் அல்லர். முன்னால் முயன்றவர்கள், திட்டமிடல், பிராணவாயுக் கருவி, பருவநிலை என்று வெற்றிக்கான காரணங்களை அவர் நேர்மையாகவே எடுத்துச் சொல்கிறார். குழுவில் கிரிஃபித் பியூ என்ற உடலியல் வல்லுநர் இருந்தார் என்பதையும் மறைக்கவில்லை. உணவு பற்றியும் உடலியல் பற்றியும் பியூ கலந்து எழுதிய குறிப்புகள் பின்னிணைப்பில் அச்சாகியுள்ளன. குறை வேறிடத்தில் இருக்கிறது. கதையில் எது முக்கியம் என்று வாசகன் தீர்மானிப்பது இடத்தைப் பார்த்துத்தான். உறுதியும் ஒற்றுமையும் முதற்பகுதியில் நிற்க, குடிநீரும் காற்றழுத்தமும் கடைசியில் போய்விட்டால், முன்னவையே மலையை வென்றன என்று அவன் எண்ணிக்கொள்வான். அப்படித்தான் எண்ணினார்கள். பள்ளிப் பாடங்களிலும் அவ்வாறே வந்தது.

எண்களைப் பார்த்தால் வேறு கதை தெரியும். 1924-இல் நார்ட்டன் பிராணவாயுக் கருவியின்றி ஏறத்தாழ 8,570 மீட்டர் வரை ஏறித் திரும்பினார். 1933-இல் வேறு சிலர் ஏறினார்கள். கிட்டத்தட்ட அதே உயரத்தில் திரும்பினார்கள். 1952-இல் சுவிஸ் குழுவைச் சேர்ந்த லாம்பர்ட்டும் டென்சிங்கும் வேறொரு பக்கத்திலிருந்து, வேறொரு வழியாக ஏறினார்கள். 8,600 மீட்டரை நெருங்கியபோது அவர்களாலும் மேலே செல்ல முடியவில்லை. 28 ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு நாட்டவர், வெவ்வேறு பாதையில் ஏறி, உச்சிக்குச் சுமார் 250 மீட்டர் கீழே ஒரே மட்டத்தில் நின்றுவிட்டால் அதைத் தைரியக் குறைவு என்று எப்படிச் சொல்வது? இந்த வரிசையை ஹண்டின் நூலிலிருந்தே திரட்டலாம். ஆனால் அதிலுள்ள கேள்வியை அவர் வாசகன் முன் வைக்கவில்லை. டக்கி வைக்கிறார். அவருடைய நூலின் முதல் வெற்றி இது.

பிராணவாயுவைப் பற்றிய பழைய சண்டையையும் டக்கி விரிவாக எடுத்துக்கொள்கிறார். 1922-லேயே ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலார் கருவியைச் சுமந்து சென்று 8,300 மீட்டருக்கு மேல் ஏறிக் காட்டினார். அவருடன் சென்ற ஜெஃப்ரி புரூஸுக்கு மலையேற்றத்தில் முன் அனுபவம் இல்லை என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரிய சான்று! ஆயினும் கருவியைப் பயன்படுத்துவது கண்ணியமான விளையாட்டன்று என்று வாதாடியவர்கள் ஓய்ந்தபாடில்லை. கம்பளிச் சட்டையும் ஆணி பதித்த காலணியும் செயற்கை அல்லவாம். காற்று மட்டும் செயற்கையாம்!

கிரிஃபித் பியூ 1909-இல் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், தேர்ந்த பனிச்சறுக்கு வீரர். இரண்டாம் உலகப் போரின்போது லெபனான் மலைகளில் இருந்த படைப்பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிக் குளிரையும் களைப்பையும் நேரில் ஆராய்ந்தவர். பின்னர் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கூடத்தில் வேலை பார்த்தார். எவரெஸ்ட் தொடர்பாக மருத்துவர் மைக்கேல் வார்டு அவரைத் தேடிச் சென்றபோது, அவர் பனிக்கட்டிகள் மிதக்கும் தொட்டியில் உடல் விறைத்துக் கிடந்தாராம். தம் உடலையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டிருந்தார். வெளியே தூக்கிவிட ஆள் தேவைப்பட்டது. இப்படிப்பட்ட மனிதர் இராணுவ ஒழுங்குள்ள ஒரு குழுவில் எவ்வளவு பொருந்துவார் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

1952-இல் ஷிப்டன் தலைமையில் சோ ஓயு மலைக்குச் சென்ற குழுவில் பியூவும் சேர்ந்தார். மலையேற்றம் என்ற அளவில் அப்பயணம் தோல்வி. அறிவியல் என்ற அளவில் அதுதான் எவரெஸ்ட் வெற்றியின் தொடக்கம். சுமார் 6,000 மீட்டர் உயரமுள்ள மென்லுங் கணவாயில் பனியில் ஒரு தடம் போட்டு, மலையேறிகளை அதில் மீண்டும் மீண்டும் ஏறச் செய்தார் பியூ. ஒருமுறை வெறும் கையோடு, ஒருமுறை சுமையோடு, பின்னர் பிராணவாயுவைப் பல அளவுகளில் கொடுத்து. அவர்கள் விட்ட மூச்சைப் பைகளில் பிடித்தார், நேரத்தைக் குறித்தார். நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவு கொடுத்தால் கருவியின் சுமைக்கே அது சரியாகிவிடுகிறது, நான்கு லிட்டர் கொடுத்தால்தான் உண்மையான ஆதாயம் தெரிகிறது என்று கண்டார். ‘கருவி பயன்படவில்லை’ என்று முன்னோர்களில் பலர் சொன்னதற்குக் காரணம் அப்போது விளங்கிற்று. கருவி மீது குற்றமில்லை. கொடுத்த அளவு போதவில்லை.

இந்த இடத்தில் டக்கியின் நூலில் எனக்குள்ள முதல் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். யார் யாரோடு சண்டையிட்டார்கள் என்பதை அவர் எழுதும் விரிவோடு, உடலுக்குள் நடப்பதை எழுதவில்லை. மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். எவரெஸ்ட் உச்சியில் 1981-இல் ஓர் அமெரிக்க ஆய்வுக் குழு நேரடியாக அளந்தபோது சுமார் 253 மில்லிமீட்டர் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான். ஆகவே அதுவும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும் என்று நினைப்போம். ஆனால் மூச்சுக்குழாயில் நுழையும் காற்று உடனே உடற்சூட்டில் நீராவியால் நிறைவுறுகிறது. 37 டிகிரி வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் 47 மில்லிமீட்டர். மலை எவ்வளவு உயர்ந்தாலும் இந்த 47 குறையாது. நம் உடலின் சூடு மாறாதல்லவா? 760-இல் 47 கழிந்தால் 713. அதில் 21 சதவீதம் ஏறத்தாழ 149. 253-இல் 47 கழிந்தால் 206. அதில் 21 சதவீதம் 43 மட்டுமே. நீராவி வாங்கும் வரி ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே தொகை. ஏழையாகிய உச்சிக் காற்றுக்கு அது பேரிழப்பு. இந்த 43-ஐ வைத்துக்கொண்டுதான் மனிதன் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

1978 மே 8-இல் மெஸ்னரும் ஹாபெலரும் கருவியின்றியே உச்சியைத் தொட்டார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆகவே அது கடக்கவே முடியாத சுவர் அன்று. மிகச் சிலர், மிக நல்ல நாளில், மிகச் சிறிய இடைவெளியில் நழுவிச் செல்லக்கூடிய வாயில். அதற்கு மேல் அதைப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை.

தண்ணீரும் மண்ணெண்ணெயும்

இரண்டு நூல்களையும் படித்து முடித்தபின் என் மனத்தில் மிகுதியாக நிற்பது பிராணவாயு அன்று, தண்ணீர். உயரத்தில் மூச்சு வேகமாகிறது. கடுமையாக ஏறும்போது நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கும் மேல் காற்று உள்ளே போய் வரும். போவது குளிர்ந்த, வறண்ட காற்று. வருவது நீராவி நிறைந்த காற்று. உடற்சூட்டில் நிறைவுற்ற ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 44 கிராம் நீர் இருக்கும். சராசரியாக நிமிடத்துக்கு 50 லிட்டர் வீதம் ஏழு மணி நேரம் ஏறினால் 21 கன மீட்டர். ஏறத்தாழ 900 கிராம் நீர். மூக்கு அதில் ஓரளவை மீட்டுக்கொள்ளும். ஆனால் மலையில் பலரும் வாயால்தான் மூச்சு வாங்குகிறார்கள். இதற்கு மேல் வியர்வை, சிறுநீர். தாகமோ அந்த அளவுக்குத் தெரிவதில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நீர், உறைந்த வடிவில்! அதற்கு நடுவே உடல் வற்றிப் போகிறது. குருதி தடிக்கிறது, விரல்களுக்கும் கால்களுக்கும் ஓட்டம் குறைகிறது, உறைபனி கடிக்க எளிதாகிறது.

பனியைத் தின்றால் என்ன என்று கேட்கலாம். உருக்குவதற்கான வெப்பத்தை அப்போது உடல்தான் தர வேண்டும். அடுப்பில் உருக்குவதோ அத்தனை எளிதன்று. சுழிக்குக் கீழே 20 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியைச் சுழி டிகிரிக்குக் கொண்டுவர 10 கிலோ கலோரி. அதை உருக்க 80. பிறகு சூடாக்கக் குறைந்தது 50 அல்லது 60. ஆற்று நீரைச் சுட வைப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் பானம் தேவை என்று ஒருவர் அறிவித்தால், அவர் உண்மையில் கேட்பது மண்ணெண்ணெய், அதைச் சுமக்க ஆள், காற்றில் அணையாத அடுப்பு, உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பல மணி நேரம்.

பியூ அதைத்தான் கேட்டார். சுவிஸ் குழுவினர் மிக உயரத்தில் மிகக் குறைவாகவே குடித்தார்கள் என்று அறிந்து, நாளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது என்று வற்புறுத்தினார். வெப்பம் வீணாகாதபடி அடுப்புகளைத் திருத்த வேண்டுமென்றார். லாம்பர்ட்டும் டென்சிங்கும் 1952-இல் சுமார் 8,400 மீட்டரில் கழித்த இரவை இதனோடு ஒப்பிட வேண்டும். அடுப்பில்லை, உறக்கப் பையில்லை. மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு தகரக் குவளைப் பனியை உருக்கிக் குடித்தார்கள். அடுத்த ஆண்டு ஏறத்தாழ அதே உயரத்தில் ஹில்லரியும் அதே டென்சிங்கும் தங்கியபோது, இனிப்பிட்ட சூடான எலுமிச்சைச் சாற்றை வயிறு நிறையக் குடித்தார்கள். விடியற்காலையில் ஹில்லரியின் காலணிகள் உறைந்து கல்லாகிக் கிடந்தன; அவற்றை இளக்கவும் அந்த அடுப்பு உதவியது. டென்சிங்கின் துணிவு ஓராண்டில் கூடிவிடவில்லை. 1952-இல் அவர் தாகத்தோடு ஏறினார். 1953-இல் குடித்துவிட்டு ஏறினார். அந்த எலுமிச்சைச் சாறு கதையில் சுவையான ஒரு சிறு நிகழ்ச்சியாக வருகிறது. அதன் பின்னால் ஒரு சோதனையும் ஒரு கணக்கும் இருந்தன என்று வாசகனுக்குத் தெரிவதில்லை.

உணவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேலே போகப் போகக் கொழுப்பு வெறுத்துப் போகும். இனிப்பில் ஆசை வளரும். அதற்கேற்பச் சர்க்கரையைக் கூட்டினார்கள். தூய்மையைப் பற்றி ஒரு சொல்: 1952 பயணத்தில் பலரும் தொண்டைப் புண்ணாலும் வயிற்றுப் போக்காலும் வாடினார்கள். மறு ஆண்டு வழியிலுள்ள வீடுகளில் தங்காமல் கூடாரத்தில் தங்குவது, காய்ச்சிய நீரையே குடிப்பது என்று கண்டிப்பு வந்தது. வீரர்களுக்கு இது சின்ன விஷயமாகப் பட்டிருக்கலாம். வயிற்றுப் போக்கோடு எவரும் எவரெஸ்ட் ஏறியதாகத் தெரியவில்லை.

மெதுவாக ஏறுதல்

1953 மார்ச் 10-இல் காத்மண்டிலிருந்து நடக்கத் தொடங்கிய குழு 17 நாள் நடந்து தியாங்போச்சே மடத்தை அடைந்தது. அதன் உயரம் சுமார் 3,870 மீட்டர். அங்கிருந்து நேரே மலைக்குப் போகவில்லை. அக்கம்பக்கத்துச் சிறு சிகரங்களில் ஏறி இறங்கி மூன்று வாரம் உடலைப் பழக்கினார்கள். இக்காலத்தில் மூச்சு ஆழமாகிறது, சிறுநீரகங்கள் குருதியின் காரத் தன்மையைச் சரிக்கட்டுகின்றன, சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஹண்டின் நூலில் இம்மூன்று வாரமும் உல்லாசப் பயிற்சி போல ஓடிவிடுகிறது.

உண்மையில் அவர்களை அது காத்தது எதிலிருந்து என்பது அவர்களுக்கே முழுமையாகத் தெரியாது. மெதுவாக ஏறாதவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்து மரணம் நேரலாம். 1891-இல் மோன் பிளாங்க் மலையில் இறந்த ஜாக்கொத்தே என்ற மருத்துவரின் உடலை அறுத்துப் பார்த்தபோதே அந்தத் தடயம் இருந்தது. இருந்தும் பல பத்தாண்டுகள் அதை நிமோனியாக் காய்ச்சல் என்றே மலையேறிகள் நம்பினார்கள். 1960-இல் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை எழுதிய பிறகுதான் அது தனி நோய் என்று ஆங்கில மருத்துவ உலகம் உணர்ந்தது. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து திடீரென்று உயரத்துக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். இந்தர் சிங் என்ற இராணுவ மருத்துவரும் அவருடைய துணைவர்களும் 1,925 படைவீரர்களிடம் கண்ட மலை நோயைப் பற்றி 1969-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. இந்த இந்தியப் பணிக்குரிய இடத்தை எவரெஸ்ட் வரலாறு எழுதுகிறவர்கள் தருவதில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

இன்று மருத்துவர்கள் கூறும் விதி எளியது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றினால் அவை நீங்கும்வரை மேலே போகக்கூடாது. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. அசெட்டசோலமைட் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவர் சொல்லி உட்கொள்பவை. பிராணவாயுவும் உதவும். இவை எவையும் இறங்குவதற்கு ஈடாகா.

இதெல்லாம் எவரெஸ்ட் ஏறுகிறவர்களுக்கு, நமக்கென்ன என்று வாசகர் எண்ண வேண்டாம். முக்திநாத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் அடியார்கள் செல்கிறார்கள். அவர்களில் முதியோர் பலர். கோயில் இருப்பது 3,700 மீட்டருக்கு மேல். 2,700 மீட்டர் உயரமுள்ள ஜோம்சோமுக்கு விமானத்தில் இறங்கி, அங்கிருந்து வண்டியில் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறிவிடுகிறார்கள். கயிலை வலம் வருகிறவர்கள் கடக்கும் டோல்மா கணவாயின் உயரம் சுமார் 5,630 மீட்டர். ஹண்ட் குழுவினர் 17 நாள் நடந்த வழியையே இன்று லுக்லா விமான நிலையம் சுருக்கிவிட்டது. மலை அருகில் வந்துவிட்டது. உடல் பழகும் வேகம் மட்டும் 1953-இல் இருந்தபடியே இருக்கிறது. 2025 மே மாதத்தில் ஒரு பிரிட்டிஷ் குழு, வீட்டிலேயே பிராணவாயு குறைந்த கூடாரத்தில் உறங்கிப் பழகி, செனான் வாயுவையும் சுவாசித்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் லண்டனிலிருந்து எவரெஸ்ட் ஏறித் திரும்பியது. செனான் இதில் பயன்படுகிறது என்பதற்குச் சான்றில்லை என்று பன்னாட்டு மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு அவ்வாண்டு ஜனவரியிலேயே அறிவித்திருந்தது. கூடாரத்தில் கழிந்த வாரங்களும் உருளையிலிருந்த பிராணவாயுவுமே அவர்களைக் காத்திருக்க வேண்டும். ஆனால் செய்தித்தாளில் தலைப்பானது செனான்தான். எது முன்பகுதி, எது பின்னிணைப்பு என்ற பழைய குழப்பம் இங்கும் தொடர்கிறது.

டக்கியின் தராசு

ஹாரியட் டக்கி பியூவின் மகள். தந்தை செய்த வேலை இன்னதென்று பல்லாண்டுகள் அவருக்கே சரியாகத் தெரியாது. 1993-இல் எவரெஸ்ட் வெற்றியின் நாற்பதாம் ஆண்டு விழாவில், சக்கர நாற்காலியில் தந்தை அமர்ந்திருக்க, மைக்கேல் வார்டு மேடையில் எழுந்து வெற்றிக்குப் பியூவே முதற்காரணம் என்று அறிவித்தபோதுதான் அவர் திகைத்துப் போனார். மறு ஆண்டு பியூ மறைந்தார். தந்தையோடு நல்லுறவு இல்லாத மகள் எழுதிய நூல் இது. அவருடைய சிடுசிடுப்பையும், வீட்டைக் கவனியாத போக்கையும் அவர் ஒளிக்கவில்லை. புகழ்மாலையாகப் போயிருக்க வேண்டிய நூலைக் காப்பாற்றுவது இந்த நேர்மைதான்.

ஆனாலும் தராசு சில இடங்களில் சாய்கிறது. பியூவைப் புறக்கணித்தார்கள் என்று நிறுவும் ஆர்வத்தில், மற்றவர்கள் எல்லாரும் அறிவியலுக்குப் பகைவர்கள் போலத் தோன்றும்படி ஆகிவிடுகிறது. போர்டில்லன் கருவியை அமைப்பதில் தாமே உழைத்த இயற்பியலார். பியூவை அழைத்து வந்த வார்டு மருத்துவர். பியூவின் பரிந்துரைகளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்று, அத்தனை மண்ணெண்ணெயையும் உருளைகளையும் மேலே சேர்ப்பித்தவர் ஹண்ட். ஏற்றுச் செயற்படுத்தும் தலைவர் இல்லாவிட்டால் ஆய்வறிக்கை அலமாரியில் கிடந்திருக்கும்.

சுமந்தவர்கள் யார்? மே 21-இல் வில்ஃபிரிட் நாய்ஸோடு தென் கணவாயை முதலில் அடைந்து வழி திறந்தவர் அன்னுல்லு என்ற ஷெர்ப்பா. மே 26-இல் ஹண்டோடு 8,300 மீட்டருக்கு மேல் சுமை தூக்கிச் சென்றவர் டா நம்கியால். 28-இல் கடைசி முகாமுக்குச் சுமந்தவர்களில் ஆங் நிமாவும் ஒருவர். ஹண்ட் இப்பெயர்களைக் குறிக்கிறார். அதற்கு மேல் அவர்களுடைய உடல் எப்படி அதைத் தாங்கியது என்ற கேள்வி இரண்டு நூல்களிலும் போதிய அளவு எழவில்லை. திபெத்திய மேட்டு நில மக்களின் மரபணுக்களில், சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் காக்கும் தனிக்கூறு இருப்பது 2010-இல் வெளியான ஆய்வுகளால் தெரிந்துவிட்டது. 2013-இல் அச்சான நூலில் இதற்கு ஓர் அத்தியாயம் இருந்திருக்கலாம். குடிநீருக்குக் கணக்குப் போட்ட அறிவியல், குடிநீரைச் சுமந்தவனையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

நூலின் பிற்பகுதி முற்பகுதியைவிடச் சிறந்தது என்பேன். 1960-61 குளிர்காலத்தில் அமா டப்லம் அருகே சுமார் 5,800 மீட்டர் உயரத்தில் ‘வெள்ளிக் குடிசை’ என்ற ஆய்வுக்கூடம் அமைத்துப் பியூவும் துணைவர்களும் மாதக் கணக்கில் தங்கினார்கள். கல்கத்தாவைச் சேர்ந்த உடலியலார் சுகமய் லாகிரியும் அவர்களில் ஒருவர். நீண்ட நாள் தங்கினால் உடல் மேலும் மேலும் வலுப்பெறும் என்ற நம்பிக்கையில், பிராணவாயுக் கருவியின்றி மகாலு சிகரம் ஏறுவதாகத் திட்டம். நடந்தது வேறு. குடிசையில் நன்றாக உண்டும் எடை குறைந்துகொண்டே வந்தது. மகாலுவில் ஹில்லரி மூளை பாதிக்கப்பட்டு இறக்கப்பட்டார். பீட்டர் மல்குரூவின் நுரையீரலில் குருதிக் கட்டி அடைத்தது. உறைபனியால் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். பழகுதலுக்கும் ஓர் எல்லை உண்டு, சுமார் 5,500 மீட்டருக்கு மேல் மனித உடல் நாளுக்கு நாள் தேய்கிறது என்பது இவ்வளவு விலை கொடுத்து உறுதியாயிற்று. பியூவின் அறிவியலும் இங்கே தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தை எழுதும் பக்கங்களில்தான் டக்கி வழக்கறிஞர் நிலையை விட்டு வரலாற்றாசிரியர் ஆகிறார்.

இன்னொரு சிறந்த பகுதி 1964-ஐப் பற்றியது. அவ்வாண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் நடந்த நெடுநடைப் போட்டியில் மூன்று இளைஞர்கள் மழையிலும் காற்றிலும் சிக்கி இறந்தார்கள். அந்தக் குன்றுகள் நம் ஏற்காட்டு மலையின் பாதி உயரம்கூட இல்லை; பனியாறு இல்லை; பிராணவாயுக்குக் குறைவில்லை. பியூ அவர்கள் அணிந்திருந்தது போன்ற ஆடைகளை எடுத்து நனைத்து, காற்று வீசச் செய்து அளந்தார். நனைந்த ஆடை காற்றில் தன் காக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. வேகமாக நடக்கும்வரை தசைகளின் வெப்பம் அதை ஈடு செய்கிறது. களைத்துப் போய் நடை தளர்ந்த உடனே உடற்சூடு சரிகிறது. சரிந்தால் நடை மேலும் தளர்கிறது. மழை புகாத மேலாடை, களைப்பதற்கு முன்பே ஒதுங்கும் இடம், சோர்ந்தவரைத் தனியே விட்டுச் செல்லாமை என்று அவர் எழுதிய குறிப்புகள் பிரிட்டனில் மலைநடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களின் பயிற்சியில் இடம் பெற்றன.